பெயரும் பெயரனும்

தமிழகத்துக்கு அப்பால், தில்லியிலோ நாகபுரியிலோ கொல்கத்தாவிலோ குடியேறி வாழும் நம்மவர் யாவருக்கும் ஓர் அனுபவம் பொதுவாக வாய்த்திருக்கும். புதிதாக அறிமுகமாகும் அண்டை வீட்டார், தங்கள் சுப நாமம் யாது என்று அன்புடன் வினவுவார். நாம் நம் பெயரைச் சொல்வோம். உடனே, அதற்குப் பின் என்ன என்ற வினா எழும். குடும்பப் பெயரை எதிர்பார்த்துக் கேட்கப்படும் அவ்வினாவுக்கு முன் நாம் சற்றே தயங்கி நிற்போம். வளர்ந்தவர்களுக்கு இது பேச்சுவாக்கில் வந்து போகும் சிறு தடுமாற்றம். ஆனால் வீட்டில் ஒரு குழந்தை பிறந்துவிட்டால், அதே வினா முடிவு செய்தே தீரவேண்டிய ஒன்றாகிவிடுகிறது. என்ன பெயர் இடுவது, அதை எப்படி எழுதுவது, அதற்கு என்ன பொருள் சொல்வது என்று பெற்றோர் கவலைகொள்கின்றனர். இன்று அதைப் பற்றியே சில சொற்கள் கூற விழைகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், வடநாட்டு நகரம் ஒன்றில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் நிகழ்ந்த பெயர் சூட்டு விழாவுக்குச் சென்றிருந்தேன். குழந்தையின் பாட்டியார் தாமிரபரணிக் கரையிலிருந்து இரண்டு இரவுகள் ரயிலில் பயணம் செய்து வந்திருந்தார். பெற்றோர் தேர்ந்திருந்த பெயர் இரண்டே எழுத்துடையது. அதன் பொருள் யாதென்று கேட்டபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். "பொருள் ஏதோ போட்டிருந்தது, இங்குள்ளவர்களுக்கு வாயில் நுழையும், எழுதுவதற்கும் எளிது" என்றார் நண்பர். பாட்டியார் அப்பெயரை மும்முறை சொல்லிப் பார்த்தார். அவருடைய நாவுக்கு அது பிடிபடவில்லை. இறுதியில் தொட்டிலின் மேல் குனிந்து, "ராசா" என்று அழைத்தார். அவர் ஊர் திரும்பும் வரையில் அக்குழந்தை அவருக்கு ராசாவாகவே இருந்தது.

அயலூரில் வாழும் பெற்றோர் எளிய பெயரை விரும்பியதில் பிழையில்லை. எளிமை ஒரு புறம், குடும்ப மரபு மறு புறம், இரண்டில் ஒன்றையே கொள்ள முடியும் என்று அவர்கள் எண்ணியதே பிழை. அவ்வெண்ணம் தவறானது என்பதை நம் மொழியில் வழங்கும் ஒரு சொல்லே காட்டும்.

மகனுடைய மகனைப் பேரன் என்கிறோம். பேரன் என்பது பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். பேர்த்தி என்பதும் அவ்வாறே பெயர்த்தி என்பதிலிருந்து வந்தது. ஒரு பெயர் ஒரு தலைமுறையைத் தாண்டி அடுத்த தலைமுறையில் மீண்டும் பிறக்கும் என்பதை நம் முன்னோர் உறவுச் சொல்லாகவே ஆக்கிவைத்தனர். வழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதும் அன்று. காஞ்சியை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன். அவன் மகன் இரண்டாம் மகேந்திரவர்மன். சோழன் முதலாம் பராந்தகனின் பெயரன் சுந்தர சோழனுக்கும் பராந்தகன் என்ற பெயர் உண்டு. கங்கைச் சமவெளியை ஆண்ட குப்தர்களிடையே முதலாம் சந்திரகுப்தன், சமுத்திரகுப்தன், இரண்டாம் சந்திரகுப்தன் என்ற வரிசையைக் காண்கிறோம். அரசர் வரலாற்றில் நம் மாணவரை மயக்கும் முதலாம், இரண்டாம் என்ற எண்கள் பெரும்பாலும் பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இட்டதன் விளைவுகளே.

இனி, நம்மைப்போலத் தாய்நாட்டை விட்டு வெளியூரில் வேலை பார்த்த ஒரு தமிழ்க் குடும்பத்தைக் காண்போம். 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், அப்போது ஒன்றாயிருந்த பஞ்சாபின் லாகூர் நகரில், ரயில்வேக் கணக்குத் துறை அதிகாரி சுப்பிரமணிய ஐயருக்கு முதல் மகன் பிறந்தான். அவருடைய தந்தை சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர் என்ற முறைப்படி, லாகூரில் பிறந்த குழந்தைக்குச் சந்திரசேகரன் என்று பெயரிட்டனர். பின்னர் 1916இல் குடும்பம் லக்னோவுக்கும் 1918இல் சென்னைக்கும் பெயர்ந்தது. ஊர்கள் மாறின, பெயர் மாறவில்லை. அக்குழந்தைதான் 1983இல் நோபல் பரிசு பெற்ற வானியல் அறிஞர் சந்திரசேகர். விண்மீன்களின் முடிவைப் பற்றி அவர் கண்ட வரையறை இன்று உலகெங்கும் சந்திரசேகர் வரையறை எனப்படுகிறது. 1999இல் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ் கதிர் தொலைநோக்கிக்கும் சந்திரா என்றே பெயரிட்டனர். கடலோர நகரம் ஒன்றில் பாடம் சொன்ன ஒரு தமிழ் ஆசிரியரின் பெயர், பெயரன் வழியாக இவ்வளவு தூரம் சென்றது.

அக்குடும்பத்திலேயே வேறொரு செய்தியும் உண்டு. சுப்பிரமணிய ஐயரின் தம்பி, 1930இல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன். அவருடைய முதல் எழுத்தான "சி" குறிப்பது அதே சந்திரசேகரரைத்தான். சிற்றப்பாவுக்கு அப்பெயர் முன்னே நிற்கும் தந்தை பெயர். மகன் பிள்ளைக்கு அதுவே சொந்தப் பெயர். மேனாட்டார் ஒருவர் இராமன், சந்திரசேகர் என்ற இரு பெயர்களைப் பார்த்தால் இவ்விருவரும் ஒரே குடும்பத்தினர் என்று அறியமாட்டார். நமக்கோ அந்த ஒரே பெயர் இருவரையும் பிணைத்துக் காட்டுகிறது. குடும்பப் பெயர் செய்யும் பணியை நம் முறை வேறு வகையில் செய்கிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று தேவையில்லை.

தந்தை பெயரை முன்னே வைக்கும் இம்முறை அண்மையில் தோன்றியதன்று. சாத்தன் மகன் கொற்றனைச் சாத்தங்கொற்றன் என வழங்குவதைத் தொல்காப்பிய உரைகள் எடுத்துக்காட்டுகின்றன. சங்கப் புலவர் ஒருவரை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்கிறோம்; ஊர், தந்தை, தம் பெயர் என மூன்றும் அதில் வரிசையாக உள்ளன. முல்லைப்பாட்டுப் பாடியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். கரூருக்கு அருகில் புகளூர்க் குன்றில் உள்ள பழந்தமிழ்க் கல்வெட்டு, சேர மரபில் பாட்டன், மகன், பெயரன் என மூவர் பெயரையும் அடுத்தடுத்துச் சொல்கிறது. இன்று நாம் ஓர் எழுத்தாகச் சுருக்கி எழுதும் தலைப்பெழுத்து, இந்த நீண்ட வரிசையின் எஞ்சிய பகுதியே.

பெயருக்குப் பின்னால் நமக்கு ஒன்றும் இல்லாமற் போனதற்கும் வரலாறு உண்டு. ஒரு காலத்தில் நம் நாட்டிலும் சாதிப் பட்டங்கள் பெயருக்குப் பின் நின்றன. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அப்பட்டங்களை விட்டுவிடத் தீர்மானித்தது. நாளடைவில் தமிழகத்தில் அவ்வழக்கம் பெரும்பாலும் மறைந்தது. ஆகவே அந்த இடம் வெறுமையாயிருப்பது நம் மறதியால் நேர்ந்ததன்று. ஒரு தலைமுறை எண்ணித் துணிந்து செய்தது. அண்டை வீட்டார் கேட்கும்போது நாணித் தயங்குவதற்குப் பதிலாக, இதை அவருக்கு எடுத்துச் சொல்லலாம். சீக்கியரிடையே 1699இல் கால்சா அமைந்தபோது ஆடவர்க்குச் சிங், பின்னர்ப் பெண்டிர்க்குக் கௌர் என்ற பொதுப் பெயர்கள் நிலைபெற்றதற்கும் குல வேறுபாட்டைக் களையும் நோக்கம் ஒரு காரணமே. நாம் பட்டத்தை நீக்கினோம். அவர்கள் எல்லார்க்கும் ஒரே பட்டத்தைத் தந்தனர்.

நம் அயலார் எவ்வாறு பெயரிடுகின்றனர் என்பதை அறிந்துகொள்வது அவர்களோடு வாழும் நமக்கு இன்பமும் பயனும் தரும். மராட்டியரும் குஜராத்தியரும் தந்தை பெயரை நடுவில் வைக்கின்றனர். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி என்பதில் கரம்சந்த் தந்தை. பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் என்பதில் ராம்ஜி தந்தை. அவர்களுக்கு நடுவில் நிற்பது நமக்கு முன்னே நிற்கிறது, அவ்வளவே. அவ்விரு நாட்டினரிடையேயும் குழந்தைக்குப் பெயர் சொல்லும் உரிமை அத்தைக்கு உரியது. தெலுங்கரின் வீட்டுப் பெயர் முன்னே வரும். சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் என்பதில் சர்வபள்ளி அத்தகையது. மலையாளிகள் இருபத்தெட்டாம் நாள் அரைநாண் கட்டிப் பெயர் அழைக்கின்றனர். சீக்கியர் குரு கிரந்த சாகிபைத் திறந்து, அங்கே தோன்றும் பாடலின் முதலெழுத்தில் பெயர் தொடங்குமாறு தேர்கின்றனர். முஸ்லிம் இல்லங்களில் ஏழாம் நாள் அகீகாவின்போது பெயரிடுதல் வழக்கம். வங்காளியருக்கோ இரண்டு பெயர்கள் உண்டு. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் உரியது நல்ல பெயர்; வீட்டார் அழைப்பது கூப்பிடு பெயர்.

இந்த இரட்டைப் பெயர் வழக்கம் நமக்கும் புதிதன்று. மாமனார் பெயரைச் சொல்லலாகாது என்பது முன்னாள் மருமகளுக்கு இட்ட கட்டுப்பாடு. பிள்ளைக்கு அதே பெயரை இட்டுவிட்டால் தாய் எப்படி அழைப்பாள்? தம்பி என்றும், ராசா என்றும், கண்ணு என்றும் அழைத்தாள். நீண்ட பெயர்களைச் செல்லமாகச் சுருக்குவதும் மிகப் பழையதே. தேவதத்தன் போன்ற பெயர்கள் தேவிகன், தேவிலன் என்று குறுகும் விதத்தைப் பாணினியின் இலக்கணமே கூறுகிறது. எனவே பாட்டன் பெயர் நீளமாயிருக்கிறதே என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஏட்டில் சந்திரசேகரன் என்றிருக்கட்டும். வீட்டில் சந்திரா என்று அழைக்கலாம். அவ்வறிஞரை உலகம் அழைத்ததும் அவ்வாறே.

ஒலியைப் பற்றியும் சொல்லவேண்டும். பெயர் அயலார் நாவிலும் வாழவேண்டும் என்று பெற்றோர் விரும்புவது நியாயமே. இந்திய மொழிகள் ஒரே பெயரைத் தத்தம் போக்கில் உருமாற்றிக்கொள்வன. நாம் இராமன் என்போம். தெலுங்கர் ராமுடு என்பர். கன்னடியர் ராம என்பர். இந்தி பேசுவோர் ராம் என்று மெய்யெழுத்தில் முடிப்பர். வங்காளத்தில் வகரம் பகரமாகும். நம் விமலா அங்கே பிமலா ஆவாள். பால் வேறுபாடும் இடத்துக்கு இடம் மாறும். ஜோதி என்பது நம்மிடையே பெரும்பாலும் பெண்ணின் பெயர். மேற்கு வங்கத்தை நெடுங்காலம் ஆண்ட முதலமைச்சரின் பெயரும் ஜோதி பாசுதான். நம் ழகரத்துக்கு வடநாட்டு நாவில் இடமில்லை. அதனை நாகரியில் எழுதப் புள்ளியிட்ட எழுத்து ஒன்று இருந்தும், பொதுமக்கள் அதை அறியார். ஆகவே யாழினி என்ற இனிய பெயர் பள்ளியில் யாஜினி ஆகிவிடுகிறது. அதற்காக அப்பெயரைக் கைவிட வேண்டும் என்பதில்லை. வீட்டிலேனும் ழகரத்தைச் செம்மையாக ஒலிக்கப் பழகிய குழந்தை, தன் பெயரைத் தானே பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும். அக்குழந்தை கற்கும் முதல் தமிழ்ப் பாடமும் அதுவாகலாம்.

இனி, பொருள். பெயர்ப் பட்டியல்களில் எதிரே அச்சிட்டிருக்கும் பொருளை அப்படியே நம்பிவிடுதல் தகாது. தமிழ்ச் சொல்லாயின் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் புரட்டிப் பார்க்கலாம். வடசொல்லாயின் வடமொழி அகராதியைப் பார்க்கலாம். அகராதியில் இல்லாத சொல்லுக்குப் பட்டியல் மட்டும் அழகிய பொருள் கூறுமாயின் ஐயுறவு கொள்ளுதல் நன்று. அகராதிப் பொருள் மட்டும் போதாத இடங்களும் உண்டு. அபர்ணா என்ற சொல்லுக்கு இலையில்லாதவள் என்பதே நேர்ப்பொருள். சிவனை நாடித் தவமிருந்த பார்வதி, உதிர்ந்த இலையையும் உண்ணாது நோற்றாள் என்ற கதையை அறிந்தால்தான் அப்பெயரின் சிறப்பு விளங்கும். மணிமேகலை என்றால் மணிகள் பதித்த இடையணி. ஆனால் கோவலன் தன் மகளுக்கு அப்பெயரை அணியின் அழகுக்காக இடவில்லை. கடலில் கலம் உடைந்து தவித்த தன் முன்னோன் ஒருவனைக் காத்த தெய்வத்தின் பெயரை நன்றியோடு இட்டான் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. சொல்லின் பொருளோடு அதை இட்ட காரணத்தையும் சேர்த்தே குழந்தைக்குச் சொல்லவேண்டும்.

தமிழ்ப் பெயரா, வடமொழிப் பெயரா என்ற வழக்கும் நம்மிடையே உண்டு. சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற் கலைஞர் ஆனதும், வேதாசலம் மறைமலையடிகள் ஆனதும் நாம் அறிந்தவை. வேதம் மறையாகவும் அசலம் மலையாகவும் மொழிபெயர்ந்தன. கிறித்தவரும் இதைச் செய்தனர். சிறியவர் என்று பொருள்படும் இலத்தீன் பெயரையுடைய பவுலைச் சின்னப்பர் என்றனர். மதுரை அம்மையை மீனாட்சி என்றும் அங்கயற்கண்ணி என்றும் வழங்குகிறோம். இரண்டிலும் கண்ணுக்கு மீனே உவமை. மீனம் என்ற வடசொல்லே திராவிட மூலமுடையது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. மீனாட்சி என்ற பெயர் வடநாட்டிலும் வழங்குவது. அங்கயற்கண்ணி நமக்கே உரியது. எதைத் தேர்ந்தாலும் மற்றதையும் குழந்தைக்குச் சொல்லிவைத்தால் அது இரு மொழிச் செல்வத்துக்கும் உரிமை பெறும்.

பொருளை நாம் மறந்தாலும் பெயர் தன் பொருளை மறப்பதில்லை. பிள்ளைகள் பிறந்து பிறந்து இறந்த வீடுகளில், எஞ்சிய குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்றனர். தெலுங்கர் பெண்டய்யா என்றனர். வங்காளியர் மூன்று சோழிக்கு வாங்கியவன் என்று பொருள்படத் தின்கரி என்றனர். இழிந்த பெயருக்குக் கூற்றுவன் வரமாட்டான் என்று நம்பிய தாயன்பின் அச்சம் அப்பெயர்களில் இருக்கிறது. ஆனால் பெண்ணாய்ப் பிறந்ததற்காக வேண்டாம் என்றும் போதும்பொண்ணு என்றும் இட்ட பெயர்களில் அந்த அன்பு இல்லை. மராட்டியத்திலும் வேண்டாதவள் என்று பொருள்படும் நகுஷி என்ற பெயர் பல சிறுமியருக்கு இடப்பட்டிருந்தது. 2011ஆம் ஆண்டு அக்டோபரில் சாதாரா மாவட்டத்தில் விழா நடத்தி, அத்தகைய 285 சிறுமியருக்குப் புதுப் பெயர் சூட்டினர். ஒவ்வொரு நாளும் வகுப்பில் அழைக்கப்படும் ஒரு சொல் ஒரு சிறுமியின் மனத்தில் என்ன செய்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இறுதியாக, அலுவல் முறை பற்றிச் சில சொற்கள். பிறப்பு நிகழ்ந்த ஊரிலேயே, 21 நாட்களுக்குள் அதைப் பதிவு செய்தல் வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்று பதிவைத் தள்ளிப்போட வேண்டுவதில்லை. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பெயரின்றியும் பிறப்பைப் பதியலாம். பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். ஆகவே ஊரிலுள்ள பெரியோரைக் கலந்து முடிவு செய்யப் போதிய அவகாசம் உண்டு. 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு முதலியவற்றில் பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே சான்றாகும். அதில் ஏறும் எழுத்து வடிவமே வாழ்நாள் முழுதும் தொடரும். தலைப்பெழுத்தைச் சுருக்காமல், தந்தை அல்லது தாயின் முழுப் பெயரை எந்த இடத்தில் எழுதுவது என்று முதலிலேயே தீர்மானித்து, எல்லா ஏடுகளிலும் ஒரே வகையாக எழுதுங்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தந்தை பெயரை இட்டால், பள்ளியில் பிள்ளையைத் தந்தை பெயராலேயே அழைத்துவிடுவர் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் அத்தொல்லை நீங்கும்.

அந்த அவகாசத்தில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. ஊருக்கு எழுதி, இரு பக்கத்துப் பாட்டன் பாட்டியர் பெயர்களையும், அவர்களுக்கும் முந்தியோர் பெயர்களையும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குறிப்பாகப் பாட்டிமாரின் பெயர்களைக் கேளுங்கள். அவையே முதலில் மறக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றை அப்படியே கொள்ளலாம். ஒரு பகுதியைக் கொள்ளலாம். அதன் பொருளை வேறு சொல்லில் வைக்கலாம். வேறு பெயரே வைப்பதாயினும் அத்தாளைக் குழந்தைக்காகப் பாதுகாத்து வையுங்கள்.

நான் சொன்ன நண்பரின் மகன் இப்போது பள்ளியில் படிக்கிறான். சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது, தன் பெயருக்கு என்ன பொருள் என்று பாட்டியாரிடம் கேட்டானாம். அவர், அது எனக்குத் தெரியாது, ஆனால் உன் தாத்தாவின் பெயர் இன்னது, அதன் பொருள் இன்னது என்று சொல்லத் தொடங்கினாராம். அன்று மாலையெல்லாம் அவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று நண்பர் எனக்கு எழுதியிருந்தார்.